சோளகம் வராத மைதானம்

எங்கள் பள்ளியில் கடேற் என்ற மாணவர் படையணியும் உதைபந்தாட்ட அணியும் ஒன்றுதான். தீவுப் பள்ளி, இருந்த பெண்பிள்ளைகளே கொஞ்சம். காலையில் அணிநடை பழகிய கால்கள்தான் பின்னேரம் பந்தடிக்கும். இரண்டுக்கும் ஒரே ரீச்சர் பொறுப்பு என்பதால், கோல் அடித்தால்கூட துள்ளாமல் அட்டென்ஷனில் நிற்போம். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் ஒருவரும் எங்களோடு விளையாடிப் பார்த்ததில்லை.

எங்கள் கப்டன்தான் கடேற்றில் சார்ஜன்ட்டும். இடதுகால்காரி. கனடாவிலிருந்து பழைய மாணவர்கள் அனுப்பிய ஜேர்சி எங்களுக்கெல்லாம் முழங்காலைத் தொட்டது, அவளுக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்தான்.

மைதானம் மண்கும்பான் கரைக்குக் கிட்ட. இரண்டாம் தவணை முழுக்கச் சோளகக் காற்று கடலிலிருந்து குறுக்கே அடிக்கும். கோலைப் பார்த்து நேரே அடித்தால் பந்து வெளியே போய்விடும். அதனால் கம்பத்துக்கு வெளியே ஓர் ஆள் தள்ளி அடிக்க வேண்டும். காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து வலைக்குள் போடும். இந்தக் கணக்கு எல்லோருடைய காலிலும் ஊறியிருந்தது, என்னைத் தவிர. நான் நேரே அடிப்பேன், பந்து பனைகளுக்குள் போகும், பொறுக்கி வரவும் நானே போவேன்.

"எடி, உனக்குக் காத்தெண்டு ஒண்டு இருக்கிறது தெரியாதோ?" என்பாள் கப்டன்.

அந்த சீசனில் எங்களிடம் வந்து விளையாடிய பள்ளிகளெல்லாம் மண்ணைக் கவ்வின. பாதிக் கோல் அவளுடைய பிரீ கிக். இறுதி ஆட்டத்துக்கு யாழ்ப்பாணம் போனோம். அன்றைய ஆட்டத்தைப் பார்த்து ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒருத்தியை மாகாண அணிக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். எங்கள் பள்ளியில் அது யாரென்று எவருக்கும் சந்தேகமில்லை. அவளுக்கு அது வாழ்வா சாவா என்ற விஷயம். மாகாணத்துக்கு எடுபட்டால் தொடர்ந்து விளையாடலாம், இல்லாவிட்டால் இந்த சீசனோடு சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்று அவளுடைய அம்மா முடிவாகச் சொல்லியிருந்தார். சொன்னால் சொன்னதுதான், அப்படிப்பட்ட மனுஷி.

பட்டண மைதானத்தைச் சுற்றி உயர்ந்த மதில், மதிலுக்குப் பின்னால் மாடிக் கட்டடங்கள். ஒரு சொட்டுக் காற்று உள்ளே வரவில்லை. அவள் அடித்த முதல் பிரீ கிக் கம்பத்துக்கு வெளியே ஓர் ஆள் தள்ளிப் போனது. திரும்பி வரவில்லை. இரண்டாவதும் அப்படியே. பார்க்க வந்த பட்டணத்துப் பிள்ளைகள் கூவினார்கள். எனக்கு அவர்களுடைய பல்லைக் கழற்ற வேண்டும் போலிருந்தது.

"காத்தில்லை எண்டு தெரியுதடி. கால்தான் சொல்லுக் கேக்குதில்லை," என்றாள் என்னிடம்.

ஆட்டம் முடிகிற நேரம், இரண்டு அணிக்கும் ஒவ்வொரு கோல். எங்களுக்கு இன்னொரு பிரீ கிக் கிடைத்தது. மாகாண அணிக்கு ஆள் எடுக்க வந்த தெரிவாளர்கள் பந்தலுக்குள் இருந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் பந்தை வைத்தாள், நாலடி பின்னால் போனாள், நின்றாள். பிறகு திரும்பி என்னைக் கூப்பிட்டாள்.

"நீ அடி."

"எனக்கு ஏலாது."

"ஏலும். நீ எப்பவும் அடிக்கிற மாதிரியே அடி."

நேரே அடித்தேன். நேரே போனது. வலை குலுங்கியதைப் பார்த்ததும் ஒருத்தியும் அட்டென்ஷனில் நிற்கவில்லை. ரீச்சரே கத்தினார்.

கோப்பையைத் தந்த பிறகு மாகாண அணிக்கான பெயர்களை வாசித்தார்கள். எங்கள் பள்ளிக்கு வாசித்தது என் பெயர். முதலில் கைதட்டியது அவள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோரும் பாட்டு. நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். அழுகையைவிடக் கோபம் கூட. மண்டைதீவு தாண்டினதும் சொன்னேன்.

"நாளைக்கு ரீச்சரிட்டச் சொல்லுவம், என்ர இடத்தை உனக்குத் தரச்சொல்லி."

"விசர்க்கதை கதையாதை. நான் அடிச்சிருந்தா அதும் வெளியிலதான் போயிருக்கும். ரண்டு பேரும் வீட்டில இருந்திருப்பம். இப்ப நீ ஒராள் எண்டாலும் விளையாடப் போறியெல்லே."

சொல்லிவிட்டு மற்றவர்களோடு சேர்ந்து பாடத் தொடங்கினாள்.

அடுத்த தவணை அவள் மைதானத்துக்கு வரவில்லை. அம்மா சொன்னபடியே நடந்தது. நான் இரண்டு வருடம் மாகாணத்துக்கு விளையாடினேன். அங்கே என்னைவிடக் கெட்டிக்காரிகள் நிறையப் பேர் இருந்தார்கள். தன்னுடைய கடைசி உதையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுக்கக்கூடிய ஒருத்தியை மட்டும் நான் காணவில்லை.