புட்வால்வு போட்ட படகு

கோயமுத்தூரில் எங்கள் பட்டறைக்கு ஒரு பாய்மரப் படகு பழுது பார்க்க வந்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கணவாயும் ஒரு மாநிலமும் கிடக்கின்றன. ஆனாலும் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கொச்சியிலிருந்து லாரியில் மல்லாந்து கிடக்கும் எருமை மாதிரி வந்து பீளமேட்டில் எங்கள் பட்டறை வாசலில் நின்றது. மதுக்கரையில் டீ குடிக்க நிறுத்தியபோது கூட்டம் கூடிவிட்டதாம். இது எதற்கு என்று கேட்டவர்களிடம் லாரி டிரைவர், நொய்யல் ஆற்றில் கப்பல் போகிற அளவுக்குத் தண்ணீர் வரப்போகிறது, முன்கூட்டியே கொண்டுவந்துவிட்டோம் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் தேதி கேட்டார்களாம்.

எங்களுடையது டீசல் இன்ஜினும் பம்பும் செய்கிற பட்டறை. நான் அங்கே பிட்டர். பத்தாவது வரை படித்தவன். முதலாளியை எல்லாரும் ஐயா என்போம். அவர் கொச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் இந்தப் பழைய மரப் படகைப் பார்த்திருக்கிறார். அதன் சொந்தக்காரர், இன்ஜின் ஓடவில்லை, அடியில் இருக்கிற பித்தளைச் சாமான்கள் அரித்துப் போய்விட்டன, சரிசெய்ய ஆள் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொண்டாராம். எங்கள் ஊரில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு பிட்டர் மேல் இடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, ஐயா படகை அப்போதே வாங்கிவிட்டார்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பம்பை யார் பூட்டினாரோ அவரேதான் அது போகிற கிணற்றுக்கும் போக வேண்டும். தண்ணீர் வந்து வாய்க்காலில் விழுகிறவரை அங்கேயே நிற்க வேண்டும். படகு வந்து இறங்கியதும் ஐயா தொந்தி முன்னால் போக அதைச் சுற்றி ஒருதரம் நடந்தார். அடிப்பக்கத்து வேலையை என்னிடம் ஒப்படைத்தார். அப்புறம் சொன்னார்:

"நம்ம வழக்கந்தான் கண்ணு. பூட்டறவனே மொத நாள் உள்ள உக்காரணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு நீச்சல் தெரியாது.

இதை வெளியூர்க்காரர்கள் பெரிய விஷயமாக நினைக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் அப்படியில்லை. நடக்கப் பழகின கையோடு கிணற்றில் குதிக்கிற ஊர்கள் இவை. நான் மில் லைன் வீட்டில் வளர்ந்தவன். எங்களுக்குத் தண்ணீர் என்றால் குழாயடி. குழாயடியில் நீச்சல் பழக முடியாது. கல்யாணம் ஆனபிறகு அன்னூர்ப் பக்கத்தில் இருக்கும் மாமனார் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் மச்சான்கள் கிணற்றுக்குக் கூப்பிடுவார்கள். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். எட்டு வருஷமாக எனக்குச் சளி. மாமனார் கவலைப்பட்டுத் தூதுவளைப் பொடி கொடுத்துவிடுவார்.

உண்மை தெரிந்தவள் என் மனைவி மட்டுந்தான். அவள் அந்தக் கிணற்றின் மோட்டார் ரூம் மேலிருந்து தலைகீழாகக் குதித்து வளர்ந்தவள். படகு விஷயத்தைச் சொன்னதும் தோசைக் கரண்டியை வைத்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தாள். ஐயாவிடம் சொல்லிவிடலாமே என்றாள். முப்பத்து மூன்று வயதில் போய் அதைச் சொல்ல முடியுமா என்றேன்.

"செரி, மூழ்கறதா இருந்தா எந்தப் பக்கமா மூழ்குவீங்கன்னு மட்டும் சொல்லிப்போடுங்க. நான் அந்தப் பக்கமா நின்னுக்கறேன்."

அதனால் அந்த வேலையை நான் செய்தது மாதிரி வேறெந்த வேலையையும் செய்ததில்லை. முதலில் இன்ஜின். ஒற்றை சிலிண்டர் டீசல். ஹெட்டைக் கழற்றினால் தண்ணீர் ஓடும் வழியெல்லாம் வெள்ளையாக அடைத்துக் கிடந்தது. சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. செய்தி பரவி, லேத்தில் இருந்தவர், மோல்டிங்கில் இருந்தவர் எல்லாம் வரிசையாக வந்து ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். பட்டறையில் பாதிப் பேருக்குக் கடலோடு பழக்கம் ஏற்பட்டது அன்றுதான். மற்றபடி அந்த இன்ஜினில் எங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. வால்வு உட்கார வைத்து, நாசில் மாற்றி, கேஸ்கெட் வெட்டிப் போட்டதும் மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

சிக்கல் அடியில் இருந்தது. தண்ணீருக்குள் இருக்க வேண்டிய இடத்தில், படகின் அடிப்பலகையில் இரண்டு ஓட்டைகள். இரண்டுக்கும் பித்தளைக் குழாய் மாதிரி ஒன்று. ஒன்றைத் திருகியதும் கைப்பிடி பச்சை பூத்த பொடியாகக் கையோடு வந்துவிட்டது. முதல் ஓட்டை எதற்கு என்று பார்த்ததும் தெரிந்தது. இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீரை அதன் பம்ப் அந்த வழியாகத்தான் உறிஞ்சுகிறது. இரண்டாவது ஓட்டையிலிருந்து கிளம்பின ரப்பர் ஓஸ் பாதி வழியில் மக்கி அறுந்திருந்தது. அது எதற்கு என்று தெரியவில்லை. போர்மேன் அடைத்துவிடலாம் என்றார். ஐயா கூடாது என்றார். ஓட்டை போட்டவன் ஏதோ காரணமாகத்தான் போட்டிருப்பான் என்பது அவர் கட்சி.

இந்தப் போர்மேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்தியமங்கலத்துக்காரர். பவானியில் வெள்ளம் போகும்போது இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்திப் போய் வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பினவர். அப்படித்தான் அவர் சொல்வார். வெற்றிலை நனையவில்லை என்றும் சொல்வார். என் முகம் வெளுத்திருப்பதைக் கண்டுபிடித்துத் தினமும் ஒரு வார்த்தை வீசாமல் போக மாட்டார்.

"என்றா, கை நடுங்குது? நட்டு முறுக்கறயா, தாலி கட்டறயா?"

எங்களுக்குக் குழாய் அடியில் வைத்துப் பழக்கமான சாமான் ஒன்றே ஒன்று: புட்வால்வு. கிணற்றுக்குள் இறங்கும் பைப்பின் காலில் பூட்டுவது. உள்ளே ஒரு தட்டு இருக்கும். தண்ணீர் மேலே ஏறும்போது திறக்கும், கீழே இறங்கப் பார்த்தால் மூடிக்கொள்ளும். அதனால் பைப்பில் ஏறின தண்ணீர் ஓடிப்போகாது. நான் யோசித்து, ஐயாவிடம் ஒப்புதல் வாங்கி, எங்கள் பவுண்டரியிலேயே கன்மெட்டல் வெண்கலத்தில் இரண்டு சின்ன புட்வால்வு வார்த்து, இரண்டு ஓட்டைக்கும் ஒன்று போலப் பூட்டினேன். முதலாவதில் இன்ஜினுக்குப் போகும் ஓஸை மாட்டினேன். இரண்டாவதில் மாட்ட ஒன்றும் இல்லாததால் சும்மா விட்டேன். பார்க்க நகை மாதிரி இருந்தது.

அடுத்தது டெஸ்ட். பம்ப் ஒழுகுகிறதா என்று பார்க்க எங்கள் முறை, உள்ளே தண்ணீர் நிரப்பி வெளியே வியர்க்கிறதா என்று பார்ப்பது. படகுக்கும் அதையேதான் செய்தோம். நாலு பக்கமும் முட்டுக் கொடுத்து, ஓஸ் போட்டு, உள்ளே முழங்கால் அளவுக்குத் தண்ணீர் விட்டோம். காம்பவுண்டுச் சுவர் மேல் கல்லூரிப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்துகொண்டு, படகைத் தண்ணீருக்குள் விட வேண்டுமே தவிர தண்ணீரைப் படகுக்குள் விடக் கூடாது என்று சத்தம் போட்டுச் சொன்னார்கள். படித்த பிள்ளைகள் அப்படித்தான் பேசுவார்கள் என்று விட்டுவிட்டோம். ஒரு நாள் முழுக்கக் கிடந்தது. அடியில் ஒரு சொட்டு இல்லை. போர்மேன் நியூஸ் பேப்பரை விரித்துப் பார்த்தார், பேப்பர் நனையவில்லை. டெஸ்ட் சீட்டில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்டவரும் உள்ளே உட்கார வேண்டியதுதான் என்று ஐயா சொன்னபோது அவர் கொஞ்சம் இருமினார்.

மதுக்கரைப் பக்கத்தில் ஐயாவின் மச்சானுக்கு ஒரு பழைய பாறைக்குழி இருந்தது. கல் வெட்டுவதை நிறுத்தி, மழைத் தண்ணீர் தேங்கி, ஏரி மாதிரி கிடந்தது. ஆழம் யாருக்கும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரேன் லாரியில் படகை அங்கே கொண்டுபோனோம். பட்டறை ஆட்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். என் மனைவியும் வந்து பாறை மேல் சொன்னபடியே ஒரு பக்கமாக நின்றாள். தேங்காய் உடைத்து, கிரேனில் தொங்கவிட்டு, படகைத் தண்ணீரில் வைத்தார்கள். மிதந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். ஐயா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுக்கானைப் பிடித்தார். போர்மேனும் நானும் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தோம். கிளப்பினேன். குழியின் நடுவுக்குப் போனோம்.

அங்கே என் கால்விரலில் சில்லென்று ஏதோ பட்டது. கால் வைத்திருந்த பலகையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டாவது ஓட்டையில் நான் போட்ட புட்வால்வு அருமையாக வேலை செய்துகொண்டிருந்தது. தட்டு எழும்பி நின்றது. கீழேயிருந்து தண்ணீர் குளுகுளுவென்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நல்ல புட்வால்வு என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் அது செய்தது: வெளியே இருக்கிற தண்ணீரை உள்ளே விட்டது. உள்ளே வந்த தண்ணீரை வெளியே விடவில்லை. நாங்கள் ஒரு நாள் முழுக்க டெஸ்ட் செய்து சீட்டில் எழுதியதும் அதையேதான்.

கத்த வேண்டும் என்று தோன்றியது. ஆனால் ஐயா கரையைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தார். குறுக்கே பேசக் கூச்சமாக இருந்தது.

"ஐயா, தண்ணி கொஞ்சம் உள்ள வருதுங்க."

"பழைய படகு. கொஞ்சம் வரத்தாஞ் செய்யும் கண்ணு."

சற்றுப் பொறுத்தேன்.

"இன்னுங் கொஞ்சம் வந்துருச்சுங்க ஐயா."

"எவ்வளவு?"

"கெண்டக்காலு வரைக்குமுங்க."

ஐயாவின் கை பாதியில் நின்றது. அப்போதுதான் கரையிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. கிணற்றோரத்தில் வளர்ந்தவளுக்குத் தண்ணீர் மட்டம் கண்ணில் படாமல் போகாது. படகின் பக்கவாட்டில் பூசியிருந்த சிவப்புப் பட்டை முங்கியதைப் பார்த்துவிட்டாள். ஐயாவின் மச்சானிடம்தான் சொன்னாள். ஆனால் பாறைக்குழி அதை வாங்கி நாலு சுவரிலும் அடித்துத் திருப்பிச் சொன்னது.

"ஏனுங்க, படகு எறங்குதுங்க. எங்கூட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாதுங்க."

பட்டறை முழுக்கக் கேட்டது. எட்டு வருஷத்துச் சளி அந்த ஒரு நிமிஷத்தில் சரியாகிவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது போர்மேன் என் முழங்கையைப் பிடித்தார். என்னை ஒருநாளும் மரியாதையாகக் கூப்பிடாதவர், காதுக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"எனக்குமுங்க."

அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. பயப்பட இன்னொருவர் கிடைத்தால் பாதிப் பயத்தை அவரிடம் கொடுத்துவிடலாம் போலிருக்கிறது. தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி அந்த ஓட்டையில் திணித்து மேலே குதிகாலை வைத்து எழுந்து நின்றேன். வருவது நின்றது. ஏற்கெனவே வந்ததை வெளியேற்ற வேண்டும். இன்ஜின் பம்புக்குத் தண்ணீர்தானே வேண்டும், அது எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன? இன்ஜினுக்குப் போகும் ஓஸை முதல் ஓட்டையிலிருந்து உருவிப் படகுக்குள் நிற்கும் தண்ணீரிலேயே போட்டேன். உருவினதும் அந்த ஓட்டையும் ஊற ஆரம்பித்தது. என்னிடம் இருந்த துண்டு ஒன்று, கால் இரண்டு, அதிலும் ஒன்று படகில் ஊன்றிக்கொள்ள வேண்டும்.

"ணா, உங்க தலைப்பாகையக் கழட்டி அதுல அமுக்கி ஏறி நில்லுங்க."

நான் அவருக்கு வேலை சொன்னது அதுதான் முதல் தடவை. மறுபேச்சுப் பேசாமல் ஏறி நின்றார்.

இன்ஜின் வேகத்தைக் கூட்டினேன். படகுக்குள் நின்ற தண்ணீர் இன்ஜினைச் சுற்றிவந்து பின்னால் புகைக்குழாய் வழியாகப் பீச்சி அடித்தது. கரையில் கைதட்டல் எழுந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்ஜின் ஓடி, குழாயில் தண்ணீர் வந்து விழுந்தால் போதும், எங்கே விழுகிறது என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். ஐயா சுக்கானை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அவருக்கு முன்னால் நின்றபடியே கரை சேர்ந்தோம். அவ்வளவு ஆட்டத்திலும் முதலாளிக்குச் சமமாக உட்காராமல் வந்தார்களே, பட்டறையில் மரியாதை என்றால் இதுவல்லவா என்று ஐயாவின் மச்சான் எல்லாரிடமும் சொன்னார்.

படகைக் கிரேன் தூக்கியபிறகு ஐயா அடியில் குனிந்து, விரலால் புட்வால்வின் தட்டைத் தள்ளிப் பார்த்தார். உள்ளே போயிற்று. விட்டார். மூடிக்கொண்டது. இன்னொருதரம் தள்ளினார்.

"கெணத்துக்கு அம்சமா இருக்கும்ப்பா" என்றார். திட்டு அவ்வளவுதான்.

மறுவாரம் ஒன்றுக்குத் திருகி மூடுகிற நல்ல வால்வும், இன்னொன்றுக்குத் தகடும் போட்டு அடைத்தேன். இனி கடலில் ஓட்டப் படகு கொச்சிக்குத் திரும்ப வேண்டும். பூட்டினவன் கூடவே போக வேண்டும். அங்கே இருப்பது பாறைக்குழி இல்லை. நான் ஐயாவின் அறை வாசலில் கால்மணி நேரம் நின்றுவிட்டு உள்ளே போய், ஒரு மாசம் தவணை வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. உடனே சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னது எனக்கு விசித்திரமாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மனைவி படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு கயிற்றைப் பிடித்தாள். கேனைவிட நான் கனமா என்று அவளுக்குச் சந்தேகம். அதற்கடுத்த ஞாயிறு போர்மேன் பஸ்ஸில் வந்து இறங்கினார். பவானித் தண்ணீர் வேறு, கிணற்றுத் தண்ணீர் வேறு, இதில் பழக்கம் விட்டுப்போய்விட்டது என்றார். அவருக்கும் ஒரு கேன் கட்டினோம். இரண்டு பேரும் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தோம்.

மூன்றாவது ஞாயிறு தோட்டத்துப் பாதையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஐயாவின் கார் வந்து நின்றது. நாங்கள் இரண்டு பேரும் கழுத்தளவுத் தண்ணீரில் கேனோடு மரியாதையாக எழுந்திருக்கப் பார்த்தோம். ஐயா கிணற்று மேட்டில் நின்று, இங்கே நம்ம மோட்டார் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார். தோளில் ஒரு துண்டு இருந்தது. கையில் இரண்டு காலி கேன்கள் இருந்தன.

என் மனைவி அவரைத் தலை முதல் கால் வரை ஒருதரம் பார்த்தாள். கயிற்றை எடுத்தாள்.

"வாங்கய்யா. உங்களுக்கு மூணு கேனு வேணுமுங்க."