தண்ணீரைக் குழம்பாக்கிய அத்தியாயம்

நந்தகோபாலின் நாவலில் இயேசு டிக்கெட் இல்லாமல் பாசஞ்சர் ரயிலில் வந்து கோவில்பட்டியில் இறங்குகிறார். இந்த முதல் வரியையே மாற்றி மாற்றி அடிக்க வைத்து என் உயிரை எடுத்தான். பஸ் நிலையத்துக்கு எதிரே டிடிபி கடை வைத்திருக்கும் பாவத்துக்கு எனக்குக் கிடைத்த சிலுவை அவன்.

பசுவந்தனையில் ஆடு மேய்க்கும் குடும்பத்துப் பிள்ளை. இங்கே ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறான். தீப்பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை, அதோடு சுவிசேஷத் துண்டுப் பிரசுரங்கள். இந்தப் பிரசுரங்களைத் திருத்தித் திருத்தியே ஆளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. "ஆடு, முள்ளு, கிணறு, வறட்சி, அண்ணன் தம்பி சண்டை. பூராவும் நம்ம ஊர்க் கதைல்லா அண்ணாச்சி" என்று ஒருநாள் வந்து நின்றான். சாமி கும்பிடுவதெல்லாம் சொந்த ஊர்க் கோயிலில்தான். ஞானஸ்நானம் எடுக்கச் சொல்லி வந்த பாஸ்டரிடம், கதை மட்டும் போதும் என்று அனுப்பிவிட்டான்.

அவன் நாவலில் செத்துப் பிழைத்த லாசரின் பெயரை ரேஷன் கார்டிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். அதைத் திரும்பச் சேர்க்க இயேசுவும் லாசரும் தாலுகா ஆபீஸ் வாசலில் இரண்டு அத்தியாயம் காத்துக் கிடக்கிறார்கள். சாத்தான் இயேசுவை ஒரு மலையுச்சிக்குக் கூட்டிப்போய், கண்ணுக்குத் தெரிகிற மில்லும் தீப்பெட்டி ஆபீஸும் உனக்கே என்கிறான். இயேசு வேலையாட்களுக்கு போனஸ் உண்டா என்று கேட்கிறார். தொண்ணூற்றொன்பது ஆட்டைக் காட்டில் விட்டுவிட்டு ஒற்றை ஆட்டைத் தேடிப் போகும் கதை மட்டும் நந்தகோபாலுக்குச் செரிக்கவே இல்லை. "அப்படிப் போறவனுக்கு எங்காளுவ பொண்ணு குடுக்க மாட்டாவ" என்றான்.

கஷ்டம் கானாவூர்க் கல்யாணத்தில் வந்தது. அந்தக் கல்யாணத்தில் திராட்சரசம் தீர்ந்துபோக, இயேசு தண்ணீரை ரசமாக்குவார் என்பது பைபிள் கதை. கரிசல்காட்டில் திராட்சரசத்துக்கு எங்கே போவது? நந்தகோபால் அதைக் கறிக்குழம்பாக்கினான்.

அதற்குக் காரணம் உண்டு. அவன் அக்கா முத்துத்தாயின் மூத்த மகளுக்கு மறுவீட்டு விருந்து வைத்தபோது, மாப்பிள்ளை வீட்டார் சொன்னதற்கு மேல் ஒரு வேன் ஆட்களோடு வந்து இறங்கினார்கள். கடைசிப் பந்திக்குக் குழம்பு இல்லை. முத்துத்தாய் தம்பியைத் தவிர எல்லாரையும் அடுப்படியிலிருந்து வெளியே விரட்டினாள். அண்டாவில் வெந்நீரைக் கவிழ்த்து, விளாத்திகுளத்து மிளகாய் வற்றலை அரைத்துக் கொட்டி, தேங்காயும் உப்பும் போட்டுக் கொதிக்க விட்டாள். கிண்டிவிட்டவன் நந்தகோபால். சம்பந்தக்காரர் இன்னொரு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இப்படியொரு குழம்பு எங்கள் பக்கம் கிடையாது என்றார். விஷயம் தெரிந்தது அக்காவுக்கும் தம்பிக்கும் மட்டும்தான்; அத்தியாயத்தை அடிக்க வந்தபோது நந்தகோபால் என்னிடம் சொன்னான்.

நாவலில், கல்யாண வீட்டுக்காரி மூலையில் உட்கார்ந்து அழுகிறாள். இயேசு வந்து அண்டாவைத் தொடுகிறார். குழம்பு பொங்குகிறது. உருப்படியாக வந்த ஒரே அத்தியாயம் அதுதான். உள்ளூர்ச் சிற்றிதழ் ஒன்று அதை வெளியிட்டது. கொஞ்ச நாளிலேயே அக்கா வீட்டுக்காரர் இசக்கிபாண்டி போனில் கூப்பிட்டார். "அதைப் படிச்சதுல இருந்து ஒங்கக்கா யாருக்கும் முகங்குடுத்துப் பேச மாட்டேங்கா. என்னத்தல எழுதித் தொலைச்ச?"

குட்டு வெளிப்பட்ட கோபம் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம். நந்தகோபால் ஆடிப்போய்விட்டான். அக்காவின் இளைய மகள் பிரித்திகாவுக்குக் கல்யாணம் குறித்திருந்தது. முதல் பத்திரிகையைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு தாய்மாமனுக்குத்தான் வைக்க வேண்டும். அவன் மாலை போட்டுக் கூட்டிவந்த பிறகுதான் பெண் மணவறை ஏறுவாள். அழைக்காத வீட்டுக்கு மாமன் போய் நிற்க முடியுமா? பத்திரிகைக்குப் பிழை திருத்தியவனே அவன்தான். கட்டு அச்சகத்தை விட்டுப் போய் எத்தனையோ நாளாகியும் தட்டு வரவில்லை.

"அந்த அத்தியாயத்தைத் தூக்கிரவா அண்ணாச்சி?" என்று கேட்டான். எனக்கு எரிச்சல் வந்தது. அதைத் தூக்கினால் மிச்சமிருப்பது ரேஷன் கார்டுதான் என்றேன். "அந்தப் புள்ளைய தோள்ல போட்டு வளத்தேன்" என்று சொல்லி, கடையில் ஆள் இருப்பதையும் பார்க்காமல் அழுதான்.

கல்யாணம் நெருங்கிவிட்ட ஒரு மத்தியானம் முத்துத்தாயே கடைக்கு வந்தாள். கையில் அந்தச் சிற்றிதழ். நந்தகோபால் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

"ஏலே, இங்கன வா."

"தப்புதான்க்கா. அதை எடுத்துருதேன். சம்பந்தக்காரவியளுக்குத் தெரிஞ்சா..."

"தெரிஞ்சா தெரியட்டும். தின்னவிய யாருக்காவது வயித்த வலிச்சுதா? நான் கேக்கது வேற. அன்னைக்கு நான் மூலையில உக்காந்து அழுதனா?"

"இல்லக்கா."

"வெந்நியத் தூக்கி ஊத்துனது யாரு? கை பொக்களிச்சுப்போயி சோத்தப் பிசைய முடியாமக் கெடந்தது யாரு? நீ என்னடான்னா எவனோ வந்து தொட்டான், குழம்பு பொங்குச்சுங்க."

"எவனோ இல்லக்கா, இயேசு."

"யாரா வேணா இருக்கட்டும். என் அடுப்படியில அவருக்கு என்ன சோலி?"

நான் சிரித்துவிட்டேன். அவள் பார்த்த பார்வையில் சிரிப்பு அடங்கியது.

நந்தகோபால் தலையைச் சொறிந்தான். "அப்பம் அவரு என்னக்கா செய்வாரு?"

"பசிச்சு வந்த மனுசன்தான? பந்தியில உக்காந்து சாப்பிடட்டும். குழம்பு நல்லாருக்குன்னு சொல்லட்டும்."

பிறகு வாசலைப் பார்த்து, "ஏங்க, உள்ள வாங்க" என்றாள். இசக்கிபாண்டி வேர்த்து வழிய ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் பத்திரிகைக் கட்டு பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"மாமனுக்கு வைக்காம ஒருத்தருக்கும் குடுக்கப்பிடாதுன்னுட்டா" என்றார் அவர். "அடுத்த வாரம் கல்யாணம். ஊருல ஒருத்தருக்கும் இன்னும் சொல்லல."

முதல் பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு வைத்து அக்கா நீட்டிய தட்டை வாங்கிய நந்தகோபால் வாய்விட்டு அழுதான். முத்துத்தாய் என் கம்ப்யூட்டருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவன் அழுது முடிக்கட்டும் அண்ணாச்சி. நீங்க மாத்தி அடிங்க, நான் பாத்துட்டுத்தான் போவேன்."