சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெந்து

“சுவர் வேர்க்குது தம்பி” என்று அக்கா எழுதிய கடிதம் கொழும்பில் என் கந்தோர் மேசைக்கு வந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மழை பெய்யாததையும் மீன் விலையையும் பற்றியெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் அந்த ஒரு வரி. எங்கள் ஊரான கீரியில், அப்பா கட்டிய வீட்டில் அவள் தனியாக இருந்தாள். அம்மாவையும் அப்பாவையும் ஒருவர் பின் ஒருவராகப் படுக்கையில் பார்த்து முடித்தபோது அவளுக்குக் கலியாண வயது கடந்திருந்தது. தேவாலயத்தில் முதல் நன்மை எடுக்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுவராவது வேர்ப்பதாவது என்று நினைத்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்து விடச் சொல்லிப் பதில் போட்டேன்.

அந்தச் சுவரை அப்படி ஆக்கியவன் நான்தான். எங்கள் ஊரில் பாலன் பிறக்கும் நத்தாருக்கு முன் வெள்ளை அடிக்காத வீடு இல்லை. மார்கழி பிறந்ததும் லீவு எடுத்துக்கொண்டு தலைமன்னார் ரயிலில் வந்துவிடுவேன். சிப்பிச் சுண்ணாம்பைத் தகரப் பீப்பாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் புகையும். ஆறியதும் அக்கா கொஞ்சம் நீலம் கலப்பாள். நான் மேசையில் ஏறி மேலே பூச, அவள் கீழே பூசுவாள். ஊரில் ஒரு வருசமாக நடந்ததெல்லாம் அந்த நாலைந்து நாளில் எனக்குத் தெரிந்துவிடும். தலையில் சுண்ணாம்பு சொட்டினால், “கிழவனாப் போனாய், இனி ஆர் பொம்பிளை தருவினம்” என்பாள். எனக்கோ கை வெடிக்கும், கண் எரியும். லீவில் வந்தவனுக்கு இது என்ன தண்டனை என்று வருசா வருசம் முணுமுணுப்பேன்.

பதவி உயர்வு கிடைத்த வருசம் இதற்கு ஒரு முடிவு கட்டினேன். சுவரின் அடிப்பாகம் கொஞ்சம் உதிர்ந்துகொண்டிருந்தது. அதைச் சுரண்டிவிட்டு நெஞ்சளவு உயரத்துக்குச் சிமெந்து பூசி, மேலே பச்சை எனாமல் பெயின்ற் அடிக்க மேசன் ஒருவரைப் பிடித்தேன். உப்பு நிலம், சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெந்து ஒத்துவராது என்று அந்த மனிதர் இரண்டு தரம் சொன்னார். கோப்புப் பார்க்கிறவனுக்குச் சுவரைப் பற்றித் தெரியாதா என்ற கொழுப்பு எனக்கு. வேலை முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டி, இனிப் பத்து வருசத்துக்கு ஒருவரும் கை வைக்கத் தேவையில்லை என்று பெருமையடித்தேன்.

“அப்ப வாற மார்கழிக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

ஒரு வேலையும் இல்லை, ஆறுதலாக இருக்கலாம் என்றேன். அவள் தேத்தண்ணி போட உள்ளே போனாள்.

அடுத்த மார்கழிக்கு நான் போகவில்லை. அதற்கடுத்த மார்கழிக்கும் போகவில்லை. கலியாணம் முடித்திருந்தேன், மனைவி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது, கந்தோரிலும் வேலை. காரணத்துக்கா பஞ்சம்? அக்காவின் கடிதங்களில் வேர்த்த சுவர் கொப்புளித்தது, பிறகு பாளம் பாளமாக விழுந்தது. இரவில் மூச்சு இழுப்பு வருவதாக ஒருமுறை எழுதினாள். துணியால் துடை, கட்டிலைத் தள்ளிப் போடு என்று நான் கந்தோர்ச் சுற்றறிக்கை மாதிரிப் பதில் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருசம் ஆவணியில் ஒருவழியாகப் போனேன். பச்சைப் பெயின்ற் தோல் போல உப்பி நின்றது. விரலால் அழுத்தினேன், தண்ணீர் வழிந்தது. சிமெந்துக்கு மேலே, ஜன்னல் உச்சி வரைக்கும் உப்புப் பூத்திருந்தது. நிலத்து ஈரத்தைச் சுண்ணாம்பு குடித்துக் காற்றுக்குக் கொடுத்துவிடும். நான் அதன் வாயை அடைத்துவிட்டேன், ஈரம் வேறு வழியில்லாமல் மேலே ஏறியிருக்கிறது. அக்காவின் கட்டில் அறையின் நடுவில் கிடந்தது. அவள் மூச்சு வாசல்வரை கேட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அவளை வெளியே இருத்திவிட்டு நாலு நாள் உளியால் சிமெந்தைக் கொத்தி எடுத்தேன். சொல்வழி கேட்காமல் அவளும் இடையிடையே வந்து கொத்தினாள். கடைசி நாள் பின்னேரம் கதிரையில் இருந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

“சுவர் கிடக்கட்டும். வெள்ளை அடிக்கிற வேலை இருந்தாத்தானே தம்பி நீ வருவாய். அதையும் இல்லாமப் பண்ணிப்போட்டாய்.”

சுவர் காய நாலு மாதம் எடுக்கும், மார்கழிக்குக் கட்டாயம் வருவேன், சுண்ணாம்பை நனைத்து வை என்றேன். “ஓம்” என்றாள்.

மார்கழியில் லீவு கிடைக்கவில்லை. தையில் வருகிறேன் என்று எழுதினேன். தையில் குழந்தைக்குக் காய்ச்சல். மாசியில் தந்தி வந்தது. இழுப்புத்தான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு பின்பக்கம் போனேன். பீப்பா பலகையால் மூடியிருந்தது. பலகையைத் தூக்கினேன். சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் தயிர் மாதிரி இளகிக் கிடந்தது. பாத்திரம் எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் நின்று சொன்னாள்.

“தண்ணி வத்தினா இறுகிப்போகுமெண்டு நாள்தோறும் காலமை ஊத்துவா. ஏலாமல் கிடந்த அண்டைக்கும் என்னைக் கூப்பிட்டு ஊத்துவிச்சவ. தம்பி வந்தால் வேலை சுணங்கக் கூடாது எண்டு சொன்னவ.”

அக்கா போன இந்த மூன்று நாளும் அதை யாரும் நினைக்கவில்லை. தண்ணீர் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. கிணற்றில் ஒரு வாளி அள்ளிக்கொண்டு வந்து ஊற்றினேன்.