குளிரைத் தேடிப் போன கணினி

பசறை பஸாரில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல் இருந்த அறையில் நானும் மனைவியும் வீடியோ கடை வைத்திருந்தோம். இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருடங்கள் அவை. கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று எதற்குக் கூப்பிட்டாலும் நான் கமராவைத் தூக்கிக்கொண்டு போவேன். எடுத்து வந்ததை அவள் கணினியில் ஏற்றி, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, சீடியாக்கிக் கொடுப்பாள்.

கணினி பழையது. பதுளையில் ஓர் அலுவலகம் புதிய இயந்திரங்கள் வாங்கியபோது கழித்துவிட்ட ஒன்று. அதன் வேகம் அறுநூறு மெகாஹேர்ட்ஸ். கடிதம் தட்டச்சு செய்வதற்கு அது தாராளம். வீடியோவுக்குப் போதாது. வெட்டி ஒட்டுவது ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அத்தனையையும் கணினி தானே கணக்கிட்டு ஒரே படமாக எழுத வேண்டும். அதற்குத்தான் ஒரு பகலும் ஓர் இரவும் முழுதாகப் போய், மறுநாளிலும் பாதி போகும். வாடிக்கையாளர்கள் படியேறி வந்து, "முடிஞ்சிச்சாங்க?" என்று கேட்பார்கள். திரையில் ஒரு நீலக்கோடு நகர்வதைக் காட்டுவோம். பார்த்துவிட்டு இறங்கிப் போவார்கள்.

மனைவியின் குடும்பம் யாழ்ப்பாணம். அவளுடைய அப்பா பதுளையில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தார். அவள் பிறந்து வளர்ந்தது பதுளையில் என்றாலும் பேச்சு வீட்டின் யாழ்ப்பாணப் பேச்சாகவே இருந்தது. நான் நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன். பதுளையில் ஒரு கணினி வகுப்பில் சந்தித்து, பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அவள் வீட்டில் யாரும் வரவில்லை. என் அம்மா வந்தார். பதிவு முடியும்வரை வெளியில் நின்றார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அம்மா எங்கள் கடைக்கு வரவில்லை. மனைவி மலைக்குப் போகவில்லை. சண்டை எதுவும் கிடையாது. மாதம் ஒரு முறை நான் மட்டும் போய் வருவேன். "அவங்க பழகுன எடம் வேற. இங்க வந்து எங்க ஒக்காருவாங்க?" என்று அம்மா ஒரு முறை சொன்னார். அதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மூன்று பேருக்கும் அது வசதியாக இருந்தது.

கணினியின் வேகத்தைக் கூட்டலாம் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். பழைய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் படித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, டோர்ச் அடித்துக்கொண்டு உள்ளே தேடினாள். மதர்போர்டின் ஓர் ஓரத்தில் மூன்று ஊசிகள் நின்றன. அவற்றில் இரண்டை மூடியபடி அரிசி மணி அளவில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி. ஜம்பர் என்பார்கள். அதைக் கழற்றி அடுத்த இரண்டு ஊசிகளில் மாட்டினால் அறுநூறு தொள்ளாயிரமாகிவிடும். விலை கூடிய போர்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்க்கலாம். எங்களுடையது மலிவான ரகம். இந்தப் பக்கம் அறுநூறு, அந்தப் பக்கம் தொள்ளாயிரம், நடுவில் ஒன்றுமில்லை.

ஜம்பரை மாற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டாள். கணினி திறந்தது. நான் சந்தோஷப்பட்டேன். அவள் சந்தோஷப்படவில்லை. உள்ளே கையை விட்டு, பிராசசரின் மேலிருந்த அலுமினியத் துண்டைத் தொட்டுப் பார்த்தாள். அதன் பிறகு வந்த மாதங்களில் அவள் அதைத் தொட்டுப் பார்க்காத நாளில்லை. மழைக்காலத்தில், பஸாரே மூட்டத்தில் கிடந்த நாட்களில், தொள்ளாயிரத்தில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. வெயில் ஏறியதும் திரை அப்படியே உறைந்து நின்றுவிடும். மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் உறுதியாக நிற்கும் என்று சஞ்சிகையில் இருந்ததாம். எங்கள் போர்டில் அதற்கு வழியில்லை. சூட்டைக் குறைப்பது மட்டும்தான் எங்கள் கையில் இருந்தது. வெயில் மாதங்களில் அவள் ஜம்பரைப் பழைய இடத்துக்கே மாற்றிவிடுவாள்.

ஓர் ஆகஸ்ட் மாதம், காலையில் கடை திறந்ததும் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தார். குவைத்தில் வீட்டு வேலை செய்பவர். மகள் பெரியவளானதற்காக லீவு கேட்டு வந்து, சடங்கை நடத்திவிட்டுத் திரும்பிப் போகிறார். சடங்கை நான்தான் எடுத்திருந்தேன். அடுத்த வாரம் போவதாக இருந்த பயணத்தை ஏஜென்சிக்காரன் முன்கூட்டியே வைத்துவிட்டானாம். மறுநாள் மத்தியானம் கொழும்புக்கு வேன். சீடியைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்றார்.

வெட்டி ஒட்டும் வேலையை மனைவி ஏற்கெனவே முடித்திருந்தாள். கணினி எழுதி முடிப்பதுதான் பாக்கி. அறுநூறில் ஓட விட்டால் மறுநாள் மாலைதான் முடியும். தொள்ளாயிரத்துக்கு மாற்றினாள். சிறிது நேரத்தில் திரை உறைந்தது. மேசை விசிறியைப் பெட்டிக்கு முன்னால் வைத்தோம். மறுபடி உறைந்தது. கடைக்கு மேல் தகரக்கூரை. விசிறி சூடான காற்றைத்தான் அள்ளிக் கொட்டியது.

நான் அந்தப் பெண்ணிடம் முடியாது என்று சொல்லிவிடலாம் என்றேன். தபாலில் அனுப்பலாம் என்றும் சொன்னேன். மனைவி விசிறியை நிறுத்தினாள்.

"உங்கட அம்மா வீட்டிலை இப்பவும் குளிர்தானே?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அப்ப அங்கை கொண்டு போவம்."

ஓர் அறைதான் காம்பிரா, சமைக்க ஒரு குசினி, உட்கார இடம் இருக்காது என்றேன்.

"கணினிக்கு ஒரு மேசை காணும்," என்றாள்.

கம்பளியில் சுற்றி, ஓட்டோவில் ஏற்றினோம். திரையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள், பெட்டியை நான். வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அம்மாவைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்தேன்.

அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். சாவி வழக்கம்போல் பக்கத்துக் காம்பிராவில் இருந்தது. சாப்பாட்டு மேசையைப் பின்கதவுக்கு நேராக இழுத்துப் போட்டோம். கதவைத் திறந்தால் நமுனுகுலவிலிருந்து இறங்கும் காற்று நேராக உள்ளே வரும். மனைவி பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, திறந்த பக்கத்தைக் காற்றுக்குத் திருப்பி வைத்தாள். வீடியோவை ஒரே துண்டாக எழுத விடாமல், பாட்டுப் பாட்டாகப் பிரித்தாள். நடுவில் நின்றுபோனால் ஒரு துண்டுதான் வீணாகும். முதல் துண்டு நிற்காமல் ஓடி முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. அலுமினியத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தாள்.

மத்தியானம் அம்மா வந்தார். அடுத்த வீட்டுக்காரர் யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வாசலில் நின்று கைகளைத் துடைத்துக்கொண்டு, "வாங்க" என்றார். தோட்டத்துத் துரை வீட்டாரைக் கூப்பிடுகிற குரல். பிறகு என்னிடம், "என்னாடா இது, எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுருக்கீங்க?" என்று கேட்டார். விளக்கினேன். தலையாட்டிவிட்டு, இருந்த சோற்றை எங்கள் இருவருக்கும் போட்டுக் கொடுத்துவிட்டு, திரும்ப மலைக்குப் போனார்.

மாலையில் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்ததும் தேத்தண்ணி போடுவதற்காக அடுப்பை மூட்டினார். குசினிக்கும் மேசைக்கும் நடுவில் அரைச்சுவர்தான். விறகு பிடித்து எரியத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் திரை உறைந்தது. அந்தப் பெண் மகளுக்கு வளையல் போடுகிற இடம். மனைவி அலுமினியத்தில் விரலை வைத்துவிட்டு எடுத்தாள்.

"கொதிக்குது," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கணம் யோசித்துவிட்டு, கேத்தலில் இருந்த தண்ணீரை அப்படியே அடுப்பில் ஊற்றினார். புகையும் சாம்பலும் எழுந்தன. மனைவி தன் துப்பட்டாவை உருவிப் பெட்டியின் மேல் போட்டு, அதன் மேலேயே குனிந்துகொண்டாள். புகை அடங்கியபோது இருவரும் இருமிக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணி பக்கத்துக் காம்பிராவிலிருந்து வந்தது. இரவுச் சாப்பாடும் அங்கேதான் சமைக்கப்பட்டது.

இருட்டத் தொடங்கியதும் வேறு தொல்லை. லயத்துக்குக் கரண்ட் வந்து அதிக காலம் ஆகவில்லை. எல்லாக் காம்பிராவிலும் லைட்டும் டீவியும் போடுகிற நேரத்தில் பல்பு மங்கிச் சிவந்துவிடும். கணினியோடு கொண்டு வந்திருந்த ஸ்டெபிலைசர் டிக் டிக் என்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

"வோல்ட்டேஜ் இறங்குது. இன்னும் இறங்கினால் நிண்டிடும்," என்றாள் மனைவி.

அம்மாவுக்கு அவள் தமிழ் விளங்கும். ஆனாலும் என்னிடம்தான், "என்னா சொல்றாங்க?" என்று கேட்டார். டீவிகள் ஓடுவதால் கரண்ட் போதவில்லை என்றேன். அது நாடகம் போகிற நேரம். அந்த நேரத்தில் டீவியை நிறுத்தச் சொல்லி யாரிடமும் கேட்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சால்வையைப் போர்த்துக்கொண்டு வெளியே போனார். லயத்துச் சுவர்களில் பேச்சு தங்காது. ஒவ்வொரு வாசலிலும் அவர் பேசியது எங்களுக்குக் கேட்டது.

"எங்க மருமக உள்ள வேல பாக்குறா தாயி. கொஞ்ச நேரம் டீவிய நிப்பாட்டு. நாளைக்கு ஒரு புள்ள வெளிநாடு போவுது."

மருமகள் என்ற சொல்லை அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் கை மவுஸின் மேல் அசையாமல் இருந்தது. சில வீடுகளில் உடனே நிறுத்தினார்கள். கடைசிக் காம்பிராவில் மட்டும் வாக்குவாதம் நடந்தது. அவர்கள் நிறுத்துகிறவரை அம்மா அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

நாடகத்தை இழந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் கூடி, வாசல் வழியாகத் திரையைப் பார்த்தார்கள். தெரியாத தோட்டத்துப் பிள்ளையின் சடங்கு என்றாலும் புடவையைப் பற்றியும் தட்டுகளைப் பற்றியும் பேச விஷயம் இருந்தது. ஓரிடத்தில் பிள்ளைக்குப் பின்னால், மனைவி ஒரு பின்னணிப் படச் சீடியிலிருந்து ஒட்டிய பனிமலை வந்தது. அது எந்த ஊர் மலை என்று அம்மா நேராக மனைவியிடமே கேட்டார்.

"தெரியாது மாமி, சீடியிலை வந்தது," என்றாள்.

விடிவதற்குச் சற்று முன் கடைசித் துண்டும் எழுதி முடிந்தது. விடிந்ததும் மனைவி சீடியைப் போட்டுப் பார்த்தாள். வளையல் போடுகிற இடத்தில், தாயின் கையின் மேல் சில பச்சைச் சதுரங்கள் கண் சிமிட்டுகிற நேரம் தோன்றி மறைந்தன. தாங்க முடியாத வேகத்தில் ஓட்டினால் கணினி எப்போதும் நின்றுதான் விடும் என்றில்லை, சில நேரம் சத்தமில்லாமல் தப்பாகக் கணக்கிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும் என்றாள். திரும்ப எழுத நேரமில்லை.

அம்மா வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "ரொட்டி இருக்கு, சாப்புட்டுட்டுப் போ," என்று மனைவியிடம் சொன்னார். முந்தின நாள் "வாங்க" என்றவர். "ஓம் மாமி," என்றாள் மனைவி. அதற்குப் பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவள் என்னோடு மலைக்கு வந்தாள். எங்களுக்குப் பிள்ளை பிறந்தபோது அம்மா பசறைக்கு வந்து எங்களுடன் தங்கினார். இருவரும் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் ஆகவில்லை. அவரவர் வேலையை அவரவர் செய்வார்கள்.

அன்று மத்தியானம் நாங்கள் இறங்கி வந்தபோது கடை வாசலில் வேன் நின்றிருந்தது. பச்சைச் சதுரங்களைப் பற்றி மனைவி அந்தப் பெண்ணிடம் சொன்னாள். "பரவால்லீங்க, குடுங்க," என்று வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அவர் திரும்பி வந்தது இரண்டு வருடங்களுக்குப் பிறகு. அதற்குள் நாங்கள் வேறு கணினி வாங்கியிருந்தோம். சீடியில் கீறல் விழுந்திருப்பதாகவும் ஒரு கொப்பி போட்டுத் தர வேண்டும் என்றும் சொன்னார். மகளும் கூட வந்திருந்தாள், அம்மாவைவிட உயரமாக. மனைவி சீடியைப் போட்டாள். திரையில் சடங்கு தொடங்கியதும் அந்தப் பெண் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் அதை முதல் தடவையாகப் பார்க்கிறார் என்பது சற்று நேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. வேலை செய்த வீட்டில் பெரிய டீவி இருந்தது, ஆனால் அதைத் தொடக்கூடாது என்றார்.

பார்க்க முடியாது என்று தெரிந்திருந்தால் தபாலிலேயே அனுப்பியிருக்கலாமே என்றேன்.

"பாக்க முடியாதுன்னு தெரியுங்க," என்றார் திரையைப் பார்த்தபடியே. "என் துணிப் பெட்டிக்குள்ள இருக்குன்னு இருந்தாப் போதும்னு நெனச்சேன்."

வளையல் போடுகிற இடம் வந்து போனது. அவர் திரும்பி மகளின் கையைப் பார்த்தார். மகள் வெட்கப்பட்டுக் கையை மடக்கிக்கொண்டாள். பஸ் வந்துவிடும், போகலாம் என்றாள். அவர் முடிகிறவரை எழுந்திருக்கவில்லை.