பூட்டில்லாத அறை

வகுப்பில் எல்லாரும் அவளைப் பஞ்சு என்றுதான் கூப்பிட்டார்கள். குரல் அவ்வளவு மெது. மருத்துவ உளவியல் படிப்பின் கடைசி ஆண்டில், பயிற்சிக்கு அவளுக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று, ஊருக்கு வெளியே இருந்த பெரிய மனநல மருத்துவமனை. மற்றது, ஒரு கல்லூரியின் ஆலோசனை மையம்.

மருத்துவமனைதான் அவளுடைய நெடுநாள் ஆசை. இடத்தைச் சுற்றிப் பார்க்க, வகுப்பில் வாயாடி என்று பெயரெடுத்த தோழியோடு போனாள். பெண்கள் வார்டுக்குள் நுழைந்ததும் நர்ஸ் பின்னாலேயே கதவைப் பூட்டினாள். அந்தச் சத்தத்தில் பஞ்சு திடுக்கிட்டுத் திரும்பிப் பூட்டைப் பார்த்தாள். உள்ளே ஒரு பெண் சுவரைப் பார்த்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். வாயாடி நேரே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "யாருக்கா அது? உங்கள இவ்வளவு கோவப்படுத்துனது?" என்று கேட்டாள். பஞ்சு கதவோரத்தை விட்டு நகரவில்லை.

கல்லூரி மையத்தில் மெத்தை நாற்காலி, பூப்போட்ட திரை. கதவு தள்ளினால் திறந்தது.

"அம்மாவுக்கு முட்டிவலி. அவ்வளவு தூரம் போய்வந்தா வீட்டை யார் பாக்கறது?" என்று, கல்லூரியைத் தேர்ந்ததற்குக் காரணமாகப் பஞ்சு எல்லாரிடமும் சொல்லிவைத்தாள். அது அம்மா காதுக்கும் எட்டியது.

"என் முட்டிய எதுக்குடி இழுக்கற? நான் என்ன கைக்குழந்தையா? பயமா இருந்தா பயம்னு சொல்லிட்டுப் போ."

"பயமெல்லாம் இல்லம்மா."

வாயாடி மருத்துவமனைக்குப் போனாள். பஞ்சு கல்லூரிக்குப் போனாள். பிறகு வேலையும் அங்கேயே அமைந்தது. தேர்வு பயம், காதல் முறிவு, விடுதிச் சண்டை என்று அழுதுகொண்டு வந்த பிள்ளைகள் மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தபடி போனார்கள். நல்ல பெயர் வந்தது. ஆண்டுகள் ஓடின.

ஒருநாள் வேதியியல் படிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். தூக்கமில்லை, படிப்பு ஏறவில்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் மனசுல நெனைக்கறது எல்லாருக்கும் கேட்டுடுது மேடம்" என்றாள்.

கூச்ச சுபாவம் என்று பஞ்சு எடுத்துக்கொண்டாள். "இந்த வயசுல எல்லாருக்கும் அப்படித் தோணும்மா" என்று சொல்லி மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்தாள். அந்தப் பெண்ணும் சொன்னபடியெல்லாம் செய்தாள், ஆனால் நாளுக்கு நாள் மெலிந்தாள். பஞ்சுவுக்கும் உறுத்தாமல் இல்லை. மருத்துவமனைக்கு அனுப்பலாமா என்று ஒருமுறை போனைக்கூட எடுத்தாள். அந்தப் பூட்டுச் சத்தம் நினைவுக்கு வந்தது. இந்தச் சின்னப் பெண்ணை அங்கேயா என்று போனை வைத்துவிட்டாள்.

மழை பிடித்த ஒரு மாலையில், யாரோ துரத்துவதாகக் கத்திக்கொண்டு ஓடிய அந்தப் பெண் விடுதியின் முதல் மாடியிலிருந்து விழுந்தாள். உயிர் தப்பியது. கால் எலும்பு முறிந்தது.

காலில் கட்டோடு மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, அங்கேயே வேலையில் இருந்த வாயாடிதான் பார்த்தாள். சற்று நேரம் பேசிவிட்டு, வெளியே காத்திருந்த பஞ்சுவிடம் வந்தாள்.

"எப்பலேர்ந்துடி இப்படி?"

"மனசுல நெனைக்கறது எல்லாருக்கும் கேக்குதுன்னு மொத நாளே சொன்னா. நான்தான் கூச்சம்னு நெனைச்சேன்."

வாயாடி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு டாக்டரைக் கூட்டிவரப் போனாள்.

மருந்து வேலை செய்தது. பெண் தெளிந்தாள். ஆனால் நடையில் ஒரு சாய்வு தங்கிவிட்டது. கல்லூரிக்குத் திரும்ப மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். விடுதி அறையைக் காலிசெய்ய வந்த அவளுடைய அப்பா, பெட்டியும் கையுமாகப் பஞ்சுவின் அறைக்கு வந்தார்.

"மேடம் எவ்வளவு பொறுமையா பேசுவாங்கன்னு பொண்ணு எப்பவும் சொல்லும். நீங்க நல்லா இருக்கணும்மா."

அவர் திட்டியிருந்தால் தேவலை. பஞ்சு எழுந்து நின்றாள்.

"நான் அவளை முன்னாடியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கணும் சார். எனக்குப் புரியல. புரிஞ்சுக்கற மாதிரியான இடத்துல நான் கத்துக்கல."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "எவ்வளவு முன்னாடிம்மா?"

"அவ என்கிட்ட வந்த அன்னிக்கே."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

இப்போது விடுமுறை நாட்களில் பஞ்சு அந்த மருத்துவமனை வார்டில், தன்னைவிட வயதில் மிகச் சிறிய பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து கற்கிறாள். மருந்துக்காக அங்கே வந்துபோகும் அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று வாயாடியிடம் கேட்கும் துணிவு மட்டும் இன்னும் வரவில்லை.