பட்டாளத்துக்காரனும் இரண்டு புது டயரும்

நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதுவும் பாதி. ஆனால் கரி வண்டி ஓட்டுவதில் புளியஞ்சோலைக்கும் துறையூருக்கும் நடுவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் ஏது? லாரியின் பக்கவாட்டில் ஆளுயர அடுப்பு ஒன்றைக் கட்டி, அதில் கரியைப் போட்டு மூட்டி, அந்தப் புகையிலேயே இஞ்சினை ஓட்டினோம். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானே கழற்றினேன், நானே மாட்டினேன்.

என் முதலாளி மிளகு வியாபாரம் செய்த ராவுத்தர். சண்டை முடிந்து பட்டாளத்து வண்டிகளை ஏலம் விட்டபோது ஒரு பழைய ஜீப்பைப் பிடித்து வந்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. காட்டுக் கான்ட்ராக்டர் மரம் இழுக்க வெட்டின தடத்தில் என் லாரி ஏறாது, ஜீப் ஏறும். தடம் முடிகிற இடத்துக்கு மலைக்காரர்கள் மிளகு மூட்டையைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து தருவார்கள். அந்த ஜீப்பில் நான்தான் உட்காரப் போகிறேன் என்று வேட்டியைக்கூட வெளுத்து வைத்திருந்தேன்.

ஜீப்போடு ஓர் ஆளும் வந்து இறங்கினான். பர்மாப் பக்கம் பட்டாளத்து ஜீப் ஓட்டியவன். காலில் பூட்ஸ். முதலாளி அவனை, "வாங்க தம்பி, டீ குடிங்க" என்றார். எத்தனையோ வருஷமாக நான் அவருக்கு "டேய்"தான். எனக்கு வயிறு எரிந்த எரிச்சலுக்கு லாரியின் கரி அடுப்பெல்லாம் பிச்சை வாங்கணும்.

அவனைப் பற்றி மலையிலும் ஒரே பேச்சு. தடம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சாமிக்கல் உண்டு. அதைத் தாண்டி மலைக்காரர்கள் யாரும் செருப்புப் போட மாட்டார்கள். இவன் அங்கே வண்டியை நிறுத்தி, பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, வெறுங்காலோடு ஓட்டிப் போவானாம். "என்னா மரியாதைங்க!" என்று மூட்டை தூக்க வந்தவர்கள் என்னிடமே சொன்னார்கள். நான் பிறந்ததிலிருந்து வெறுங்கால். என் காலை ஒருத்தர் பார்த்தாரா?

அப்படியிருக்க, அவன் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போன சமயம் முதலாளிக்கு இரண்டு புது டயர் கிடைத்தது. எங்கள் பக்கத்து லாரிக்காரர்களுக்கு ஒரு வழக்கம்: புது டயர் வந்தால் பின்னால் போடு. பாரமும் பின்னால், இழுப்பும் பின்னால். முதலாளி அப்படியே ஜீப்புக்கும் போடச் சொன்னார். கழற்றின பழைய டயர் செருப்புத் தைக்கிறவரிடம் போய்விட்டது. முன்னால் மட்டும் மொட்டை டயர் இரண்டு மிச்சம்.

பட்டாளத்துக்காரன் திரும்பி வந்து, புது டயரைத் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு மலையேறினான். இறங்கி வரும்போது பிடித்தது சனி. நாலு சக்கர இழுப்புக்கு ஒரு சின்னக் கம்பி உண்டு, கியர்க்கம்பிக்குப் பக்கத்தில். கெட்டி ரோட்டுக்கு வந்ததும் அதை விடுவிக்கணும். கம்பி அசையவில்லை. வளைவில் வண்டி முக்கியது, அடியில் டக்கு டக்கு என்று சத்தம்.

"நாலு சக்கர இழுப்போட சின்ன கியர்பாக்ஸ் போச்சுங்க" என்றான். ஷெட்டில் போட்டுப் பிரித்தான். பல்லெல்லாம் ஒழுங்காக இருந்தது. மாட்டி ஓட்டினான், பழைய கதை. மறுபடி பிரித்து மாட்டி ஓட்டினான், அதே சத்தம். "பேரிங்கா இருக்கும். திருச்சி போவணும்."

முதலாளிக்கு முகம் செத்துப்போயிற்று. மறுநாள் மலைச் சந்தை. வண்டி போகாவிட்டால் இன்னொரு வியாபாரி மட்டக்குதிரைகளோடு போய் மிளகை அள்ளிவிடுவான். நான் லாரி நிழலில் வெற்றிலை போட்டபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெற்றிலை மாதிரி ருசி எனக்குப் பிறகு அமையவில்லை.

"ஏனுங்ணா, சிரிக்கிறீங்க?" என்றான் அவன்.

"பர்மாவுல இதெல்லாம் சொல்லிக் குடுக்கலியாப்பா?"

முதலாளி கத்தினார். "டேய், தெரிஞ்சா சொல்லு. இல்லன்னா எழுந்து போ."

"சொன்னா ஜீப்பு எனக்குங்களா?"

"மொதல்ல சொல்லுடா!"

ஒரு சணல் கயிற்றை எடுத்து முன் டயரைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டேன். அதே கயிற்றைப் பின் டயருக்குச் சுற்றினேன். மூன்று விரல் எட்டவில்லை. "பாருங்க மொதலாளி. முன்னது குட்டை, பின்னது நெட்டை. குட்டை அதிகமாச் சுத்தணும், நெட்டை கம்மியாச் சுத்தணும். ரெண்டையும் இந்தக் கம்பி ஒண்ணாக் கட்டிப் போட்டிருக்குது. ஒரே நுகத்துல பொருந்தாத ரெண்டு மாடு. சேத்துல சறுக்கிச் சமாளிச்சுக்கும். கெட்டி ரோட்டுல எங்க சறுக்கும்? முறுக்கெல்லாம் கியர்பாக்ஸுல ஏறிக் கம்பியக் கவ்விக்குது. முன்னால ஒரு புதுசு ஒரு பழசு, பின்னால ஒரு புதுசு ஒரு பழசு போடுங்க. எடது வலது வித்தியாசத்த அச்சு நடுவுல இருக்குற பல்லு பாத்துக்கும், முன்னுக்கும் பின்னுக்கும் சமமாயிரும்."

பட்டாளத்துக்காரன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அடடா! அங்க நாலும் ஒண்ணாத்தான் மாத்துவாங்கண்ணா. எனக்குத் தோணவே இல்ல." சொல்லிக்கொண்டே ஜாக்கி வைத்து ஒரு முன் சக்கரத்தைத் தூக்கினான். தரை விட்டதும் முறுக்கு அவிழ்ந்து சக்கரம் விருட்டென்று தானே சுழன்று நின்றது. கம்பியை ஒரு விரலால் தள்ளினான், விடுபட்டது. கூடி நின்ற கூட்டம் கை தட்டியது. யாருக்கு? அவனுக்கு! கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

ஆனால் முதலாளி வியாபாரி, கணக்குத் தப்பாது. "நாளைக்கு ஜீப்ப நீ எடுடா. தம்பி லாரியப் பாத்துக்கட்டும்" என்றார். விடிந்ததும் அவன் கரி அடுப்பு மூட்டத் தெரியாமல் முகமெல்லாம் கரியாக நின்றான். நான் ஆரன் அடித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனேன்.

டயரை மாற்றிப் போட்ட வண்டி தடம் முழுக்கத் தாமரை இலையில் தண்ணி மாதிரி ஓடியது. சாமிக்கல்லிலும் நிறுத்தாமல் மேலே போய்ச் சேர்ந்தேன். மலையில் பெரக்கரை நாடு என்கிற பக்கத்து ஆட்கள் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்த பூட்ஸுக்காரத் தம்பி வரலீங்களா?"

"இனிமே நான்தானுங்க."

"அப்படீங்களா." என் காலைப் பார்த்தார். "அந்தத் தம்பி நல்ல மரியாதை தெரிஞ்ச புள்ளைங்க. கல்லுகிட்ட நின்னு கழட்டிட்டுத்தான் வரும்."

"எனக்குக் கழட்ட என்னங்க இருக்குது?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு மூட்டையை ஏற்றினார். அடுத்த சந்தைக்குள் நானும் ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். அதே பழைய ஜீப் டயரில் தைத்தது.