அறிவுக் குறைபாடு

நர்சிங் படிப்பின் மூன்றாவது வருடத்தில் எங்களுக்கு ஒரு கோட்பாடு சொல்லிக் கொடுத்தார்கள். நோயாளி ஒரு முழு மனிதர். உடம்பு, மனம், குடும்பம், நம்பிக்கை, இருக்கிற வீடு, செய்கிற வேலை எல்லாம் சேர்ந்தவர். அதில் ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்துப் பராமரிக்க முடியாது. தாதி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வாழ்க்கையை அவர் வாயாலேயே கேட்டு, அதிலிருந்துதான் திட்டம் போட வேண்டும். பரீட்சைக்காக இல்லாமல் நான் விரும்பிப் படித்த ஒரே பாடம் அது. அதனால்தான் கோபம் இன்னும் ஆறவில்லை.

பாடம் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கோட்பாட்டின்படி பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும் என்றார்கள். இலங்கை மலையகத்தில், ஊவாவில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி. பெண்கள் வார்டில் ஜன்னல் ஓரக் கட்டிலில் எல்ல என்ற ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த ஓர் அக்கா படுத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். கொழுந்து எடுப்பவர். சிறுநீரகத்தில் கிருமி ஏறி, குளிரும் காய்ச்சலுமாக வந்திருந்தார். அந்த வருடத்தில் அது மூன்றாவது முறை.

வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் அவரைக் காட்டி என்னிடம் சிங்களத்தில் சொன்னார்: "நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் அனுப்புகிறோம். தலையை ஆட்டிவிட்டுப் போகிறாள். திரும்ப வருகிறாள். இந்தத் தோட்டத்து ஆட்களுக்குச் சொன்னால் ஏறாது."

நானும் தோட்டத்து ஆள்தான். நமுனுகுலயில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அது சிஸ்டருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் அந்த அக்காவின் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

"குடிக்கிறேன் மிஸ்."

எல்லாரும் கேட்டுப் போன கேள்விக்கு எல்லாருக்கும் சொன்ன பதில். கேள்வியை மாற்றினேன்.

"காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்கக்கா. என்ன செய்வீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். விடியுமுன் எழுந்து சமைப்பது, பிள்ளைகளை அனுப்புவது, பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்குப் போய், எந்த மலையில் வேலை என்று கேட்டுக்கொண்டு ஏறுவது. தேநீர் குடிப்பீர்களா என்றேன். ஒரு வாய் என்றார். அதற்குப் பிறகு?

"அதுக்கப்புறம் ஒண்ணும் குடிக்கிறதில்ல மிஸ். குடிச்சா ஒதுங்கணும். எங்க ஒதுங்குறது?"

"மலையில டொய்லட் இல்லையா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தோட்டத்துப் பிள்ளையா நீ என்று கேட்கிற பார்வை.

"முந்தி செடிக்குள்ள குந்திக்குவோம். கங்காணி அந்தப் பக்கம் போற நேரம் பாத்து, ஒருத்தி நின்னு பாத்துக்குவா. இப்ப அதுவும் முடியாது. எந்தப் பக்கம் திரும்புனாலும் சுத்திப் பாக்க வந்த வெள்ளைக்காரங்க நடந்து வர்றாங்க. போட்டோ எடுக்கிறாங்க. போன வருசம் எங்ககூட வேலை செய்யிற புள்ள ஒண்ணு குந்தி இருக்கிற நேரம் மேல விர்ருனு ஒண்ணு பறந்து வந்துச்சு, கேமரா வச்சது. அந்தப் புள்ள அழுதுச்சு. அதுல இருந்து நாங்க யாரும் பொழுது சாயுற வரைக்கும் தண்ணி குடிக்கிறதில்ல."

மலைக்குக் கீழே ரோட்டோரத்தில் ஒரு கஃபே இருக்கிறதாம். அங்கே டொய்லட் உண்டு. ஒரு நாள் தாங்க முடியாமல் போய்க் கேட்டிருக்கிறார். வாடிக்கையாளருக்கு மட்டும் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்தக் கஃபேயின் சுவரில் கொழுந்துக் கூடையோடு சிரிக்கிற பெண்ணின் படம் பெரிதாக மாட்டியிருக்கிறதாம். "எங்க லயத்துப் புள்ளதான் மிஸ் அது," என்றார்.

"டொக்டர்கிட்ட இதச் சொன்னீங்களா?"

"அவங்க சிங்களத்துல தண்ணி குடிக்கச் சொன்னாங்க. சரின்னேன். வேற யாரும் ஒண்ணும் கேக்கல."

என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர். மாலையில் வீடு வந்ததும் கூடையைக்கூட முழுசாக இறக்காமல் லயத்துக்குப் பின்னால் ஓடுவார். சின்ன வயதில் அதைப் பார்த்து நானும் தங்கச்சியும் சிரிப்போம். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த ஓட்டம் எதற்கென்று எனக்குப் புரிந்தது. முகம் எரிந்தது.

"இத நான் எழுதுறேங்கக்கா," என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

எழுதினேன். நோய்க்குக் காரணம்: வேலை செய்யும் இடத்தில் கழிப்பிடம் இல்லாததால் பகல் முழுவதும் தண்ணீரைத் தவிர்ப்பது, சிறுநீரை அடக்குவது. தாதி செய்ய வேண்டியது: டொக்டரிடம் சொல்லித் தோட்ட நிர்வாகத்துக்கும் சுகாதாரப் பரிசோதகருக்கும் கடிதம் அனுப்பச் செய்வது. பாடத்தில் சொன்ன எல்லாவற்றையும் அந்த ஒரு திட்டத்தில் வைத்திருந்தேன்.

எங்கள் விரிவுரையாளர் அதைச் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டுத் திருப்பித் தந்தார். அந்தக் கோட்பாட்டை எங்களுக்குக் கற்பித்த அதே அம்மாதான்.

"டொய்லட் கட்டுவது தாதியின் வேலை இல்லை. இது அரசியல்."

"சுற்றுச்சூழலையும் பார்க்க வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், மெடம்?"

"சுற்றுச்சூழல் என்றால் கட்டில், காற்று, வெளிச்சம், சத்தம். இவளுக்குத் தண்ணீர் குடிப்பதன் முக்கியத்துவம் தெரியவில்லை. அறிவுக் குறைபாடு என்று எழுது. சுகாதாரக் கல்வி கொடுத்ததாக எழுது."

எழுதினேன். மாற்றி எழுதவில்லை என்றால் அந்தப் பாடத்தில் தேற விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். தன் உடம்பை இவ்வளவு தெளிவாக அறிந்து வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு அறிவுக் குறைபாடு என்று என் கையாலேயே எழுதினேன். வகுப்பிலேயே கூடிய புள்ளி எனக்குக் கிடைத்தது. மற்றவர்களுக்கு மாதிரியாக அதை என்னையே வாசிக்கவும் சொன்னார்கள். அந்த விரிவுரையாளர் மேல் எனக்கு இருக்கிற கோபத்தைவிட, அன்று எழுந்து நின்று வாசித்த என் மேல் இருக்கிற கோபம் பெரிது.

அக்கா வீட்டுக்குப் போகிற நாளில் கேட்டார், "எழுதுனீங்களா மிஸ்?"

"எழுதினேன்," என்றேன். பொய் இல்லை. ஆனால் அவர் கையெடுத்துக் கும்பிட்டபோது என்னால் நிமிர முடியவில்லை.

அன்றே வார்டிலிருந்த இளம் டொக்டரைப் பிடித்தேன். சிங்களப் பெண். மாத்தறைப் பக்கம். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மூன்று முறை இவரைப் பார்த்திருக்கிறேன்," என்றார். கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பெரிய டொக்டரிடமும் வாங்கி, இரண்டு இடத்துக்கும் அனுப்பினார்.

கழிப்பிடம் கட்டினார்கள். கடிதத்துக்குப் பதில் வரவில்லை, கட்டடம் வந்தது. பல மாதம் கழித்து, நான் வேலையில் சேர்ந்த பிறகு, கிளினிக்குக்கு வந்த அக்காதான் சொன்னார்.

"கட்டிட்டாங்க மிஸ். ஆனா பூட்டி வச்சிருக்காங்க. சாவி கங்காணிகிட்ட. ஒவ்வொரு தடவையும் அவருகிட்டப் போய் நின்னு கேக்கணும். அதுக்குக் குடிக்காமலே இருக்கலாம்."

என் லீவு நாளில் பஸ் ஏறிப் போனேன். தோட்டத்துத் தாய்மார்களைப் பார்க்கிற அரசாங்கக் குடும்பநல மாதுவும் கூட வந்தார். கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் பின்னால் தகரக் கதவோடு அது நின்றது. பூட்டு புதிது. சின்னத்துரை என்று கூப்பிடுகிற உதவி முகாமையாளர் வந்தார், இளம் ஆள், தமிழர்.

"தொறந்து வச்சா டூரிஸ்ட் வந்து அசிங்கப்படுத்துவாங்க, மிஸ்."

"அப்ப சாவிய வேலை செய்யிற பொம்பளைங்ககிட்டக் குடுங்க."

"தொலைச்சிருவாங்க."

"வீட்டுச் சாவி, கோயில் சாவி எல்லாம் அவங்ககிட்டத்தான் இருக்கு. இது மட்டும் தொலையுமா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சாவி கைமாறாமல் இறங்க மாட்டேன் என்றேன். என் குரல் ஏறியிருக்க வேண்டும். மேலே தேயிலை நிரையில் நின்ற பெண்கள் கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். குடும்பநல மாது கைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து, சின்னத்துரையின் பெயரைக் கேட்டார். அதற்குப் பிறகுதான் கங்காணியைக் கூப்பிட்டார்கள்.

இப்போது சாவி அந்தப் பெண்களிடம் இருக்கிறது. வாரத்துக்கு ஒருவராக முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்கிறார்களாம். அக்காவுக்கு அதற்குப் பிறகு காய்ச்சல் வரவில்லை. ஆனால் ஸ்கேனில் ஒரு சிறுநீரகம் ஏற்கெனவே சுருங்கிப் போயிருந்தது. அது திரும்பாது. மாதம் ஒரு முறை இரண்டு பஸ் மாறி வந்து, பிரஷர் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறார். முதல் தடவை வந்தபோதே யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருந்திருக்கும்.